மதிலுக்கு இந்தப் பக்கம்

1985 டிசம்பர் 3 அன்று டெல்லிப் பத்திரிகைகளில் போபால்தான் நிறைந்திருந்தது. அங்கே நச்சுவாயு கசிந்த விபத்து நடந்து ஓராண்டு முடிந்த நாள். பதினோராம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "மேடம், தொட்டிக்குள் தண்ணீர் போனதால்தான் அது பொங்கியதாமே. தண்ணீருக்கு அவ்வளவு பலமா?" அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு அதையே சொல்லிக்கொடுத்தேன். சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கிடந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டும் சேர்ந்தால் வெப்பம் பிறக்கும்; வெப்பம் வினையை முடுக்கும்; முடுக்கிய வினை இன்னும் வெப்பம் தரும்; கடைசியில் திரவம் கொதித்து வாயுவாகிக் கிளம்பிவிடும். தண்ணீர் பட்டால் சீறுகிற பொருள்கள் இன்னும் பல உண்டு என்று சொல்லிக் கரும்பலகையில் சில பெயர்களை எழுதினேன். அவற்றில் ஓலியமும் ஒன்று.

மறுநாள் புதன்கிழமை. பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஆலையில், ஓலியத் தொட்டியைத் தாங்கி நின்ற கட்டமைப்பு சரிந்து தொட்டி உடைந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்குப் போனவள் நான். கணவருக்கு மத்திய அரசு வேலை, மேற்குப் படேல் நகரில் ஒரு மாடிப் போர்ஷன். எனக்கு வேதியியல் ஆசிரியை வேலை, மேற்கு டெல்லியிலேயே. அந்த ஆலையை நாங்கள் தினமும் பார்ப்போம். 76 ஏக்கர். உள்ளே வனஸ்பதி, சோப்பு, காஸ்டிக் சோடா, குளோரின், பிளீச்சிங் பவுடர், சூப்பர் பாஸ்பேட், கந்தக அமிலம் எல்லாம் தயாரித்தார்கள். இதையெல்லாம் பின்னால் நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அதுவரை அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "டால்டா மாதிரி ஏதோ செய்கிறார்கள்" என்பார்கள். பஞ்சாபி பாக், கரம்புரா, அசோக் விஹார், திரி நகர், சாஸ்திரி நகர், எங்கள் மேற்குப் படேல் நகர் எல்லாம் அதைச் சுற்றித்தான். 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். பிரிவினையின்போது லாகூரிலிருந்தும் முல்தானிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. இரவில் ஆலையின் விளக்குகள் எரிந்தால் வேலை இருக்கிறது என்று நிம்மதிப்படுவார்கள்.

டெல்லிக் குளிரில் பள்ளிக்கூடங்கள் வெயிலுக்கு வெளியே வந்துவிடும். ஜமுக்காளம் விரித்துத் திறந்தவெளியில் பாடம் நடக்கும். வகுப்பு முடிந்தால் பிள்ளைகள் சட்டைப்பையில் ஒளித்துவைத்திருக்கும் வேர்க்கடலையை உரிப்பார்கள். அன்றும் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் மைதானத்தில் இருந்தன. மூடுபனி விலகி வெயில் ஏறியிருந்த நேரம். ஆலையின் திசையிலிருந்து வெள்ளையாக ஒன்று வந்தது. முதலில் பார்த்தவர்கள் மூடுபனி திரும்பிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் மூடுபனி அசைவில்லாமல் நிற்கும். இது ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, தாழ்வாக, கூரைகளை ஒட்டியபடி நகர்ந்து வந்தது. தெருவில் வண்டிக்காரர் ஒருவர் இருமத் தொடங்கினார். அப்புறம் தெருவே இருமியது.

எனக்கு முதலில் தெரிந்தது பற்களில்தான். புளியங்காயைக் கடித்த மாதிரி ஒரு கூச்சம். அடுத்து தொண்டையில் முள். ஆய்வகத்தில் ஓலியம் பாட்டிலின் கண்ணாடி மூடியைத் திறக்கும்போதெல்லாம் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழும். அப்போது மூக்கில் ஏறுவதும் இதே காரம்தான். அதை வைத்து அமிலப் புகை என்று ஊகித்தேன். உறுதியாகச் சொல்லக்கூடிய யாரும் பக்கத்தில் இல்லை. ஆலையிலிருந்து சங்கு ஊதி எங்கள் காதில் விழவில்லை, ஒலிபெருக்கி இல்லை, ஆள் வந்து சொல்லவில்லை. குளோரினாகவும் இருக்கலாம். அங்கே குளோரினும் உண்டு என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் சிலிண்டர் ஏற்றிய லாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

எது வந்தாலும் திறந்தவெளியில் நிற்கக்கூடாது. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அமிலப் புகையும் குளிர்காலத்தில் மேலெழாமல் தாழ்ந்தே கிடக்கும். மாடிக்குப் போய்க் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொள்வது இரண்டுக்கும் பொருந்தும். அப்போது எனக்கு ஓடிய கணக்கு அவ்வளவுதான். பிள்ளைகளை முதல் மாடிக்கு ஏற்றச் சொன்னேன். தலைமையாசிரியை ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் மணியை அடிக்கச் சொன்னார். ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி இல்லை. பழைய பத்திரிகைகளையும் ஸ்வெட்டர்களையும் வைத்து அடைத்தோம். அந்தப் பத்திரிகைகளில் முந்திய நாளின் போபால் படங்களும் இருந்தன. பள்ளிப் பியூன் பானைத் தண்ணீரை மேலே தூக்கி வந்தார். பெண் பிள்ளைகளின் துப்பட்டாக்களை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொன்னோம். ஈரத் துணி அமிலத் துளிகளில் கொஞ்சத்தையாவது தன்னில் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் வகுப்புச் சீக்கியச் சிறுமி ஒருத்தி என் கையை விடவே இல்லை. "மறுபடியும் கொளுத்துகிறார்களா மேடம்?" என்று கேட்டாள். ஓராண்டுக்கு முன் நவம்பரில் சீக்கியர்களின் வீடுகளைக் கொளுத்தியபோது டெல்லியில் எழுந்த புகை எது என்பதை அவள் வீடு அறியும். "இல்லை கண்ணே, இது ஆலைப் புகை" என்றேன். அந்த நேரத்தில் ஆலைப் புகை என்ற சொல் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குள் வாசலில் பெற்றோர் கூட்டம். எல்லோர் வாயிலும் ஒரே சொல்: போபால். "கதவைத் திற, பிள்ளையைக் கொடு!" சைக்கிளில் வந்திருந்த ஒரு தகப்பனார் கம்பிகளைப் பிடித்து உலுக்கினார். "பெஹன்ஜி, போபாலில் வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள்தான் செத்தார்கள். இங்கேயும் அடைத்து வைத்துக் கொல்லப் பார்க்கிறீர்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போபாலில் வீட்டுக்குள் இருந்தவர்களும் இறந்தார்கள், ஓடியவர்களும் இறந்தார்கள். ஓடினவர்கள் மூச்சிரைக்க இன்னும் அதிகமாக உள்ளிழுத்தார்கள். குடிசைகளின் இடுக்குகள் வாயுவைத் தடுக்கவில்லை. எது வெளியேறியது, எந்தப் பக்கம் போகிறது என்று அந்த இரவில் யாரும் மக்களுக்குச் சொல்லவில்லை. ஊருக்கான சங்கு கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நிறுத்தப்பட்டது. இதையெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவருக்கு விளக்கமுடியுமா? "அண்ணா, இந்தப் புகை விலகட்டும். நானும் உள்ளேதான் இருக்கிறேன், என் மகளும் உள்ளேதான் இருக்கிறாள். நீங்களும் உள்ளே வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் வந்தார். வேறு சிலரும் வந்தார்கள். வரமாட்டேன் என்றவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், காற்று போகிற அதே திசையில். அவர்களைத் தடுக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, குரலும் எட்டவில்லை. இன்றுவரை என்னைத் துன்புறுத்துவது அந்தக் காட்சிதான். காற்றுக்குக் குறுக்காக நடந்திருந்தாலே அவர்கள் புகையை விட்டு விலகியிருப்பார்கள்.

புகையின் ஓரம்தான் எங்களைத் தொட்டுவிட்டுப் போனது. கண் எரிகிறது என்ற பிள்ளைகளைக் கைப்பம்பு அருகே வரிசையாக நிறுத்திக் கழுவினோம். முந்திய நாள் கேள்வி கேட்ட அதே மாணவன் பம்பை அடித்துக்கொண்டே கேட்டான்: "நேற்று இதற்குத் தண்ணீரே ஆகாது என்றீர்களே?"

ஓலியத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. வாயு வாயு என்று எல்லோரும் சொன்னாலும் ஓலியம் ஒரு திரவம். தண்ணீரே இல்லாத கந்தக அமிலத்தில் சல்பர் டிரை ஆக்சைடைக் கரைத்தால் கிடைப்பது. மூடியிருக்கும்வரை எண்ணெய் போல அசைவற்றுக் கிடக்கும். திறந்தால் சல்பர் டிரை ஆக்சைடு ஆவியாகி வெளியேறி, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து, கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய துளிகளாக மாறும். அதுதான் வெள்ளைப் புகை. கொட்டிக் கிடக்கும் ஓலியத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும்? தொடும் இடத்திலேயே தண்ணீர் கொதித்து, அமிலத்தை நாலாபக்கமும் தெறிக்கவிடும். புகை பல மடங்காகும். அந்தத் துளிகளும் சாமானியமாகத் தண்ணீரில் அடங்குவதில்லை. அவ்வளவு சிறியவை என்பதால் நீர்த்திவலைகளுக்கு இடையே நழுவிப் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அடர்ந்த அமிலத்தை இரும்புத் தொட்டியில் வைக்கலாம், ஒன்றும் செய்யாது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து நீர்த்துப்போனால் அதே அமிலம் இரும்பை அரிக்கத் தொடங்கும், ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் ஒரு பொறி இருந்தால் வெடிக்கும்.

உடம்பில் பட்டால் கதையே வேறு. அங்கே அமிலம் கொஞ்சம், தண்ணீர் ஏராளம். வெப்பத்தை அடித்துக்கொண்டு போகும் அளவுக்குத் தாராளமாக, தொடர்ந்து, குறைந்தது கால் மணி நேரம் ஊற்றவேண்டும். நனைந்த உடுப்பை உடனே கழற்றவேண்டும். சோடாவைக் கொண்டு முறிக்கிறேன் என்று தோலில் எதையும் தடவக்கூடாது. மூச்சில் இழுத்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் சில மணி நேரம் கவனிப்பில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் அந்தப் பையனுக்குப் பம்படியிலேயே சொன்னேன். அமிலக் குட்டையில் ஊற்றாதே, கண்ணில் ஊற்று. அவன் அதைத் தன் தங்கைக்குத் திருப்பிச் சொன்னது என் காதில் விழுந்தது.

மாலையில் கணவர் வந்தபோது செய்திகளோடு வந்தார். தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் அந்தப் புகையை உள்ளிழுத்து இறந்துவிட்டார் என்று பேச்சு. ஆலைத் தொழிலாளர்களும் பொதுமக்களுமாக நிறையப் பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அன்றிரவு யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. குளிருக்கு அறைக்குள் அங்கீட்டி என்ற கரியடுப்பை மூட்டி வைப்பது அங்கே வழக்கம். அடைத்த அறையில் அங்கீட்டி வைக்காதீர்கள், அது வேறு நஞ்சு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து மறுபடியும் கசிந்தது. முதல் கசிவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் தெரு உடைந்துபோனது அன்றுதான். முதல் தடவை விபத்து என்று பொறுத்துக்கொண்டவர்கள் இரண்டாம் தடவை பொறுக்கவில்லை. எதிர்வீட்டு பாபி, 1947-இல் கைக்குழந்தையாக லாகூரிலிருந்து தூக்கிவரப்பட்டவர், டிரங்குப் பெட்டியை எடுத்து நகைகளையும் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார். "எதை எடுக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றார். ஆட்டோக்கள் கிடைக்காமல் டோங்காவிலும் தள்ளுவண்டியிலும் சாமான்களை ஏற்றிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். நாங்களும் மகளை ராமகிருஷ்ணபுரத்தில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அன்றே ஆலையை நிறுத்தும்படி மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவு வந்தது.

எங்கள் வீட்டுக்குக் கீழே தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஹரியாணாக்காரர். ஓலியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது புத்தகம், அவருக்குத் தெரிந்தது தெரு. சில வருஷங்களுக்கு முன் ஜி.டி. சாலையில் கவிழ்ந்த ஒரு அமில டேங்கரைப் பற்றி அந்த வாரத்தில்தான் அவர் எனக்குச் சொன்னார். வண்டி ஒருக்களித்துக் கிடக்கிறது, மூடியிலிருந்து ஒழுகுகிறது, புகைகிறது. சுற்றிலும் ஊர்ச்சனம். "பானி மாரோ, பானி மாரோ" என்று கத்துகிறார்கள். அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டுநர், கை வெந்த நிலையிலும், "தண்ணீர் மட்டும் வேண்டாம் சாஹிப்" என்று கும்பிட்டபடி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம்தான் அவர்களுக்கு வழிகாட்டி. ஊற்றாமல் நின்றதற்காகக் கூட்டம் அவர்கள்மேல் கல்லெறிந்திருக்கிறது.

"பெஹன்ஜி, தீயைப் பார்த்தால் எங்கள் கை தானாக வால்வைத் திறக்கும். அதற்காகத்தான் பயிற்சி. திறக்காமல் நிற்பதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை" என்றார்.

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றோம், கூட்டத்தையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளினோம், சாலையோரம் இருந்த காய்ந்த மண்ணை வெட்டி அணை கட்டினோம் என்றார். சாக்கடைக்குள் போகவிடாமல் தடுத்ததைப் பெருமையோடு சொன்னார். அவர் செய்த ஒவ்வொன்றும் சரி. கிட்டே போகிறவருக்கு முழு உடம்பையும் மூடும் அமிலம் புகாத உடையும், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகமூடியும் வேண்டும். அவரிடம் அன்றைக்கு இருந்தது கம்பளிக் கோட்டு. மண் உலர்ந்திருக்க வேண்டும். மரத்தூளும் சாக்கும் கூடாது, அமிலத்தில் கருகும். கைவசம் இருந்தால், சல்பர் டிரை ஆக்சைடு சேராத சாதாரணக் கந்தக அமிலத்தையே ஓலியத்தில் கலந்து, புகை விடும் குணத்தை அடக்குவார்கள். அது ஆலை ஆட்கள் செய்யவேண்டிய வேலை. புகை அடங்கிய பிறகுதான் சுண்ணாம்போ சலவைச் சோடாவோ போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முறிக்கவேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் அதுவும் கொதிக்கும்.

தண்ணீர்க்காரர்களிடம் தண்ணீர் இல்லாத வேலையை ஒப்படைக்கிறோம். கருவி கொடுக்காமல், பெயர் சொல்லாமல் ஒப்படைக்கிறோம். அந்த மனிதர் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

வழக்கு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. அந்த ஆலையை மக்கள் நடுவிலிருந்து அகற்றவேண்டும் என்று எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் கசிவுக்கு முன்பே மனுப் போட்டிருந்தார். 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆபத்தான தொழிலை நடத்துகிறவர், அதனால் நேரும் தீங்குக்கு எந்த விதிவிலக்கும் இல்லாமல் பொறுப்பு. கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1868-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பில் இருந்த விலக்குகள் இங்கே செல்லாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும். மகத்தான தீர்ப்பு, அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் என் மனத்தில் நிற்பது அதற்குப் பத்து மாதம் முன்பு, பிப்ரவரி 17 அன்று வந்த உத்தரவு. குளோரின் பிரிவைத் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தபோது நீதிமன்றம் பல நிபந்தனைகள் போட்டது. 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது, 15 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டது. நிபுணர் குழு ஒன்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்றது. இவற்றோடு இரண்டு சின்ன நிபந்தனைகள். குளோரின் உடம்பை என்ன செய்யும், உடனே என்ன சிகிச்சை செய்யவேண்டும் என்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளக்கமாக எழுதி வைக்கவேண்டும். கசிவு ஏற்பட்டால் எச்சரிக்க ஆலையைச் சுற்றி ஒலிபெருக்கிகள் வைக்கவேண்டும். பத்திரிகையில் அந்த இரண்டு வரிகளையும் படித்தபோது, கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கிய அந்தத் தகப்பனார்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டும்தான். எழுதி வைக்கும் கூலியும் ஒலிபெருக்கியின் விலையும் அந்த ஆலைக்கு எம்மாத்திரம்? அதைக்கூட உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் செய்விக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் என் வகுப்புகளுக்கு ஒரு பாடம் சேர்ந்துகொண்டது. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது. புகைக்குக் குறுக்கே நடப்பது. அடைத்துக்கொள்ளவேண்டிய அறையை வீட்டில் முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது. பிறகு, சாலையில் போகும் டேங்கர் லாரிகளைப் படிப்பது. 1989-இல் வந்த மோட்டார் வாகன விதிகள் ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிகளில் ஒரு பலகையைக் கட்டாயமாக்கின. சரக்கின் பெயர், ஐ.நா. எண், அவசரத் தொலைபேசி எண்கள், கூடவே ஒரு சங்கேதக் குறி. ஓலியத்தின் எண் 1831, குறி 4டபிள்யூஇ. முதலில் வரும் இலக்கம் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்கிறது: 1 என்றால் பெருந்தாரை, 2 என்றால் பனித்தூறல் போன்ற நீர், 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்பொருள் மட்டுமே, தண்ணீர் படக்கூடாது. டபிள்யூ என்றால் முழு உடை போட்டுக்கொள், சாக்கடைக்குப் போகவிடாமல் தேக்கு, வன்மையான வினை நேரலாம். இ என்றால் சுற்றியிருப்பவர்களை அப்புறப்படுத்துவதை யோசி. இத்தனையும் மூன்று எழுத்தில். கீழ்வீட்டுத் தீயணைப்புக்காரரிடம் இதைக் காட்டியபோது, "அந்த ஓட்டுநர் மயங்கிக் கிடந்திருந்தால் எங்களுக்கு இது பேசியிருக்கும்" என்றார். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்து ஒப்பிப்பார்கள். பலகை மண்ணடித்துப் படிக்க முடியாமல் போன வண்டிகளையும் குறித்து வருவார்கள். அப்படி வந்த குறிப்புகளே அதிகம்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்துகளைத் தொழிலாளிக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1989-இன் அபாய ரசாயன விதிகள் ஆலைக்கு உள்ளே ஓர் அவசரத் திட்டம், வெளியே ஓர் அவசரத் திட்டம் என்று இரண்டைக் கேட்கின்றன. 1996-இன் ரசாயன விபத்து விதிகள்படி மாவட்டந்தோறும் ஒரு நெருக்கடிக் குழு. மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். ஏட்டில் எல்லாம் இருக்கிறது.

ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்ததை நான் பார்த்தது கலிபோர்னியாவில். மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் ரிச்மண்ட். 1993 ஜூலை 26 அன்று அங்கே ஒரு ரயில் டேங்கரில் இருந்த ஓலியத்தை இறக்குவதற்காகச் சூடேற்றியபோது அழுத்தம் மிஞ்சி, பாதுகாப்புத் தகடு உடைந்து புகை கிளம்பியது. 20,000-க்கும் அதிகமானோர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். எங்கள் ஓலியமேதான். அந்த விபத்துக்குப் பிறகு கான்ட்ரா கோஸ்டா மாவட்டம் ஊரெல்லாம் அபாயச் சங்குகளை நட்டது. மாதத்தின் முதல் புதன்கிழமை காலை 11 மணிக்கு அவற்றைச் சோதித்துப் பார்ப்பார்கள். பேத்தியோடு நான் வாசலில் நின்றிருந்தபோது அந்தச் சங்கு ஊதியது. நான் திடுக்கிட்டேன். பேத்தி, "ஒண்ணுமில்ல பாட்டி, டெஸ்ட். நிஜமா ஊதினா உள்ள போகணும், கதவை மூடணும், ரேடியோ கேட்கணும்" என்று ஒப்பித்தாள். அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் தொடங்கின வயசு. செய்யமுடியும் என்பதற்கு எனக்கு அதற்குமேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

ஓய்வுபெற்று இப்போது வடசென்னையில் இருக்கிறோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலிருந்தும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஜனங்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அடுத்த வாரம் தெரிந்தவர்கள் அழைத்ததால் அங்கே போயிருந்தேன். மீன் விற்கும் பெண்கள் சிலர் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் டெல்லிக் கதையைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற இடம் வந்ததும் ஓர் அம்மா மறித்தார். "இன்னா டீச்சர் இப்டி சொல்ற? அன்னிக்கி மூஞ்சில தண்ணித் துணியைப் போட்டுக்கினுதான் நாங்க தப்பிச்சோம்."

அவர் செய்தது சரி என்று சொன்னேன். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரத் துணி அதற்குக் கைகொடுக்கும். தீயணைப்புக்காரர்களும் நீர்த்திரை எழுப்பி அதைக் கீழே இறக்குவார்கள். ஓலியம் கொட்டினால் அதே நீர்த்தாரை விஷத்தைப் பெருக்கும். மூக்கின் மேல் ஈரத் துணி மட்டும் அப்போதும் நல்லது. குளோரின் என்றால் மேட்டுக்கு ஏறவேண்டும்.

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. எது வருதுன்னு எங்களுக்கு யாரு சொல்றது?"

அன்று எழுதத் தொடங்கியதுதான் எங்கள் மனு. மாவட்ட நெருக்கடிக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கு. மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஒவ்வோர் ஆலையும் எந்தெந்தப் பொருளை வைத்திருக்கிறது, எது கசிந்தால் அந்தத் தெருக்காரர் என்ன செய்யவேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் மாட்டவேண்டும். சங்கு வைக்கவேண்டும், மாதம் ஒருமுறை ஊதிப் பார்க்கவேண்டும். பொருளுக்கு ஒரு சங்கொலி, கேட்டாலே தெரியும்படி, என்பது அந்த அம்மா சேர்த்த வரி. கையெழுத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. கைநாட்டு வைப்பவர்களுக்கு மனுவை முழுக்கப் படித்துக்காட்டிய பிறகே மைப்பெட்டியை நீட்டுகிறோம்.